மாத்து ஆள்

உக்காருங்கம்மா, உக்காருங்க. இந்த சீட்டுல ஆள் இல்ல. பையைத்தான் போட்டு வச்சிருந்தேன், என் தங்கச்சி வந்து உக்காருவான்னு. அவ எங்க உக்காந்திருக்கா பாருங்க. டிரைவருக்குப் பின்னாடி, பச்சைப் பொடவை. முந்தானைக்குள்ள வலது கையைச் சுருட்டி வச்சிக்கினு ஜன்னலையே பாத்துக்கினு இருக்காளே, அவதான். அஞ்சுகம்னு பேரு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் காஞ்சிபுரத்துல வண்டி ஏறினோம். வாடி, எடம் இருக்குதுன்னு கூப்பிடுறேன், காதுல வாங்காத மாதிரி நேரா அங்க போயி உக்காந்துட்டா. டிக்கெட்டைக்கூட தனியா எடுத்துக்கினா.

நீங்களே சொல்லுங்க, நல்லது செஞ்சவளைப் பாத்து மூஞ்சியைத் திருப்பிக்கினா வயிறு எரியுமா எரியாதா? இன்னிக்கு நான் செஞ்சதை எந்தக் கூடப் பொறந்தவளும் செய்யமாட்டா. நெஞ்சுல கல்லைத் தூக்கி வச்சிக்கினு செஞ்சேன். நீங்க எதுவரைக்கும்? செய்யாறா? அப்ப நெறைய நேரம் இருக்குது. கேளுங்க. கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

எனக்கு கம்பெனி வேலைம்மா. ஒரகடம் பக்கம், காருக்கு இரும்பு சாமான் அடிக்கிற கம்பெனி. கம்பெனி வேலைன்னதும் கம்பெனிக்காரின்னு நெனச்சுடாதீங்க. ஏஜென்சி ஆளு. கம்பெனி ஆளுங்களுக்கு நீலச் சட்டை, எங்களுக்கு சாம்பல் சட்டை. அவங்க கேன்டீன்ல மேசை போட்டுச் சாப்பிடுவாங்க, நாங்க சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் டப்பாவைத் திறப்போம். ஆயுத பூஜைன்னா மெஷினைத் தொடச்சி சந்தனம் குங்குமம் வைக்கிறது நாங்க, ஸ்வீட் பாக்ஸு அவங்களுக்கு. எங்களுக்கும் பொரிகடலை தருவாங்க, குறை சொல்லக்கூடாது.

ஒம்போது வருஷம் ஓட்டினேன். எங்க வூட்டுக்காரரு போயி சேந்தப்புறம் என் பொண்ணை வளத்தது, நர்ஸிங் படிக்க வைக்கிறது, எல்லாம் அந்த வேலைதான். இந்த ஒம்போது வருஷத்துல நாலு ஏஜென்சி மாறிடுச்சு. நான் எங்கயும் மாறல, அதே கேட்டு, அதே லைனு. அட்டையில ஏஜென்சி பேருதான் மாறும். கொஞ்ச மாசம் வேலை ஓடும், அப்புறம் பிரேக்குன்னு சொல்லி வூட்டுல உக்கார வைப்பாங்க, ஆடி மாசத்துல புதுப்பொண்ணை அம்மா வூட்டுக்கு அனுப்புற மாதிரி. அப்புறம் வேற ஏஜென்சி பேருல, புதுசா வேலைக்கு வந்தவ மாதிரி, மறுபடியும் கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போகணும்.

ஏன் சார் இப்படின்னு ஒரு தடவை தயாளன் சாரைக் கேட்டேன். தயாளன் சாருன்னா எங்க ஏஜென்சி சூப்பர்வைசரு. என்னைவிட சின்னவருதான், வாய் நெறைய அக்கா அக்கான்னு கூப்பிடுவாரு. "தொடர்ச்சியா வச்சிருந்தா நீங்க நிரந்தரம் கேப்பீங்கன்னு கம்பெனி பயப்படுதுக்கா. இப்படி நடுவுல நிறுத்தி நிறுத்தி எடுத்தாத்தான் உங்களை எடுத்துக்கினே இருக்க முடியும்"னாரு. பாருங்க, எவ்வளோ யோசிச்சி செய்யுறாரு. ஒவ்வொரு பிரேக்குக்கு அப்புறமும் மொத போன் எனக்குத்தான் வரும். ஒரு தடவைகூட என்னை விட்டுட்டு ஆள் எடுத்ததில்ல. இந்தக் காலத்துல அப்படி ஒரு மனுஷன் எங்க கெடைப்பான்?

எங்களுக்கு லீவுன்னு ஒண்ணு கெடையாதும்மா. மூணு நாள் சேந்தாப்புல வரலன்னா பேரை வெட்டிடுவாங்க. வாசல்ல வேலை கேட்டு வரிசையா நிக்குதுங்க பொண்ணுங்க, யாரு காத்திருப்பாங்க? அதனால எங்க லைன்ல ஒரு பழக்கம் உண்டு. உடம்பு முடியலன்னா, ஊர்ல சாவுன்னா, வூட்டுல இருந்து மாத்து ஆள் அனுப்பிடுவோம். நம்ம அட்டையை மாட்டிக்கினு நம்ம பேருல அவ வந்து நிப்பா. தலையில தொப்பி, மூஞ்சியில துணி, யாரு உத்துப் பாக்கப் போறாங்க? வாட்ச்மேன் அட்டையைப் பாப்பான், ஆளைப் பாக்கமாட்டான். குணவதின்னு ஒருத்தி பிரசவத்துக்குப் போனப்ப அவ நாத்தனாதான் அவ பேருல மாசக்கணக்கா வந்தா. குணவதின்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்க அந்தப் பொண்ணு பழகுறதுக்குள்ள நாங்க சிரிச்சி சிரிச்சி வயிறு வலிச்சிப் போச்சு.

போன பங்குனியில எனக்கு அம்மை போட்டுடுச்சு. உடம்பெல்லாம் முத்து. வேப்பிலையைப் போட்டுப் படுத்துட்டேன். மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் வாசப்படி தாண்டக்கூடாது இல்ல? தயாளன் சாருக்கு போன் போட்டு அழுதேன். "அழாதீங்கக்கா. உங்க ஜாடையில வூட்டுல யாரும் இல்லையா?"ன்னாரு. அவரே சொன்னாரு பாருங்க. நானா கேக்கல.

அஞ்சுகம் பக்கத்துத் தெருவுல வாக்கப்பட்டவ. தையல்காரி. ஜாக்கெட் தைக்கிறதுல அவளை அடிச்சிக்க எங்க சுத்து வட்டாரத்துல ஆள் கெடையாது. கல்யாண சீசன், வெட்டி வச்ச துணி மூட்டை மூட்டையா கெடக்குது. நான் கேட்டதும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. ஜன்னலுக்கு வெளிய நின்னுக்கினு, "அட்டையைக் குடுக்கா, நான் போறேன். நீ ஆத்தாளை நெனச்சிக்கினு படு"ன்னா. வேப்பிலையில தொடச்சி நீட்டினேன், கழுத்துல மாட்டிக்கினு போனா. சாம்பல் சட்டையில என்னை மாதிரியே இருந்தா.

சொல்லித்தான் அனுப்பினேன். செக்கிங்ல உக்கார வைப்பாங்க, ஓட்டை சரியா இருக்குதா, பிசிறு இருக்குதான்னு பாத்து ஒதுக்கணும், அவ்வளவுதான் வேலைன்னு சொன்னேன். மூணு நாள் நல்லாத்தான் போனா. அப்புறம் ஒரு நாளு பிரஸ்ஸுல, அதான் தகடை அமுக்கி வெட்டுற மெஷின்ல, நிக்குற பொண்ணு வரல. கம்பெனி இன்ஜினியரு வந்திருக்காரு. "பூங்காவனத்துக்குத்தான் பிரஸ் நல்லாத் தெரியுமே, அவங்களை நிறுத்துங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பூங்காவனம் நான்தான். பேரை இன்னும் சொல்லலையா உங்ககிட்ட? நான் முன்ன வருஷக்கணக்கா பிரஸ்ஸுல நின்னவ. எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த மெஷின் ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் எறங்கும், கை உள்ள மாட்டக்கூடாதுன்னு அப்படிச் செஞ்சு வச்சிருக்கான். ஆனா அப்படிச் செஞ்சா எண்ணிக்கை வராது. அதனால ஒரு பட்டனை ரப்பர் போட்டு இழுத்துக் கட்டிடுவாங்க. பழகினவங்களுக்கு எப்ப கையை உள்ள விடணும், எப்ப இழுக்கணும்னு உடம்புக்கே தெரியும். எனக்குத் தெரியும்மா. எங்கயோ பாத்துக்கினு பேசிக்கினே செய்வேன்.

நாலு விரல் போச்சு. வலது கை. கட்டை விரல் மட்டும் நிக்குது.

எனக்கு அவ மேல கோவம் இன்னான்னா, இவளுக்கு வாய் இல்லையா? தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போதாதா? சின்ன வயசுல இருந்தே இப்படித்தான், வீம்பு பிடிச்சவ, எதையும் வாயத் திறந்து சொல்லமாட்டா. தயாளன் சாரும் பக்கத்துலதான் நின்னாராம். அவரு எப்படி வாயைத் திறப்பாரு? இன்ஜினியரு முன்னாடி, இது பூங்காவனம் இல்லன்னு சொன்னா அவரு பொழப்பு போயிடுமே. அவரும் ஏஜென்சி ஆளுதானே, பாவம். கைக்கொழந்தைக்காரரு.

ரெண்டாந் தண்ணி ஊத்தின அன்னிக்குத்தான் எனக்குச் சொன்னாங்க. வாசப்படியில விழுந்து பொரண்டேன். போக முடியல. அம்மையோட ஆஸ்பத்திரிக்குப் போனா அவளுக்கும் ஆவாது, எனக்கும் ஆவாது, தெய்வக் குத்தம்னு புடிச்சி உள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க. மூணாந் தண்ணி ஊத்தின ஈரத் தலையோட ஓடினேன். வார்டுல கட்டிலுக்கு மேல என் பேரு. பூங்காவனம்னு எழுதி மாட்டியிருக்காங்க. கீழ என் தங்கச்சி, கையில பந்து மாதிரி கட்டு. என்னைப் பாத்ததும், "அம்மை எறங்கிடுச்சாக்கா?"ன்னு கேட்டா. அதைக் கேட்டா பாருங்க. நான் அந்தக் கட்டில் கம்பியைப் புடிச்சிக்கினு அழுதேன். இப்பவும் நெனச்சா... கொஞ்சம் இருங்க.

எல்லாம் தயாளன் சாருதான் ஓடி ஓடிப் பாத்தாரு. என் ஈ.எஸ்.ஐ. அட்டையை வச்சித்தான் சேத்தாரு. "இவங்க பூங்காவனமாவே இருக்கட்டும்க்கா. அப்பத்தான் வைத்தியம் நடக்கும், மாசாமாசம் ஊனத்தொகையும் வரும். அஞ்சுகம்னு சொன்னா, அப்படி ஒரு ஆளு எங்க கம்பெனிக்குள்ள வந்ததே இல்லன்னு கையை விரிச்சுடுவாங்க"ன்னாரு. சரிதானே? தொகை என் பேருல என் பேங்குக்குத்தான் வருது. வந்த அன்னிக்கே எடுத்துக்கினு போயி அவ கையில குடுத்துடுவேன். வாங்கிக்குவா.

ஆனா அதுல ஒரு சிக்கலு. கை போன பூங்காவனம் மறுநாளு ரெண்டு கையோட வேலைக்கு எப்படிப் போறது? அதுக்கும் தயாளன் சாருதான் வழி சொன்னாரு. அஞ்சுகத்தோட ஆதாரைக் குடுங்க, அந்தப் பேருல உங்களைச் சேத்துடுறேன்னாரு. ஆதார்ல இருக்குற படம் யாருக்குத்தான் அவங்கள மாதிரி இருக்குது? சேந்துட்டேன். ஒம்போது வருஷத்துக்காரி, நேத்து வந்தவளா நின்னேன்மா. பயிற்சின்னு சொல்லி வேற உக்கார வச்சாங்க. நான் வேலை கத்துக்குடுத்த குணவதியே இன்ஜினியரு முன்னாடி எனக்கு பிரஸ்ஸுல எப்படி நிக்கணும்னு சொல்லிக் குடுக்குறா. நானும் மண்டையை மண்டையை ஆட்டிக்கினு கேட்டேன். சிரிக்கிறதா அழுவுறதா? எவனாவது பூங்காவனம்னா திரும்பக்கூடாது, அஞ்சுகம்னா திரும்பணும்.

இதுக்கு நடுவுல இந்தக் கேஸு. அது எனக்கு அம்மை போடுறதுக்கும் முன்னாடியே போட்டது. ஒரு நாளு பஸ் ஸ்டாப்புல சங்கத்துக்காரங்க வந்து நின்னாங்க. வருஷக்கணக்கா ஒரே வேலை செய்யுறவங்க யாரு யாரு, எல்லாரும் பேரு குடுங்க, நிரந்தரம் கேப்போம், பிரேக்கு குடுத்ததெல்லாம் ஏமாத்துன்னு சொன்னாங்க. எல்லாரும் குடுத்தாங்க, நானும் குடுத்தேன். உண்மையைச் சொல்லணும்னா ஆசைதான். அந்த நீலச் சட்டையை ஒரு நாளாவது போட்டுடணும்னு எனக்கு அப்படி ஒரு ஆசை. ஒடம்பு சரியில்லன்னா லீவு எழுதிக் குடுத்துட்டு வூட்டுல நிம்மதியா படுக்குறது எப்படி இருக்கும்னு நெனச்சி நெனச்சிப் பாப்பேன்.

அந்தக் கேஸுக்கு ஒவ்வொருத்தரா கூப்பிட்டு காஞ்சிபுரம் லேபர் ஆபீஸ்ல விசாரிக்கிறாங்க. இன்னிக்கு என் முறை.

சங்கத்து வக்கீலம்மா போன வாரமே எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சிப் பேசினாங்க. பிலோமினான்னு பேரு, ஸ்கூட்டர்ல வருவாங்க. "ரெண்டு பேரும் உள்ள போங்க. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. ஆள் மாத்தி விடச் சொன்னது ஏஜென்சி. தெரியாத ஆளை பிரஸ்ஸுல நிறுத்தினதும் அவங்க. நீங்க ரெண்டு பேரும் திருடல. உங்க ஒம்போது வருஷம் உங்களுக்கு வேணும், அஞ்சுகம் கைக்கு அஞ்சுகம் பேருலயே நஷ்டஈடு வேணும், ரெண்டையும் கேப்போம்"னாங்க. உறுதியா கெடைக்குமாம்மான்னு கேட்டேன். "உறுதி சொல்ல முடியாது. கஷ்டம்தான். ஆனா கேக்க முடியும்"னாங்க. கேக்க முடியுமாம்! படிச்சவங்க, கேட்டுட்டு ஸ்கூட்டர்ல ஏறி வூட்டுக்குப் போயிடுவாங்க. நாங்க எங்க போறது?

அஞ்சுகம் மட்டும் அந்த வக்கீலம்மா பேசப் பேச கண்ணை எடுக்காம கேட்டுக்கினு இருந்தா. அப்புறம் பாத்தா, ஒரு வாரமா இடது கையால எழுதிக்கினு கெடக்குறா. அஞ்சுகம், அஞ்சுகம்னு அவ பேரையே எழுதுறா, மளிகைக்கடை காயிதத்துல எல்லாம் எழுதி வச்சிருக்கா. எதுக்குடி இந்த வயசுல எழுதிப் பழகுறன்னு கேட்டேன். "உள்ள கையெழுத்துக் கேப்பாங்க இல்ல"ன்னா. பொழுது போகாம பண்றான்னு விட்டுட்டேன்.

இன்னிக்குக் காலையில லேபர் ஆபீஸுக்கு எதுக்க டீக்கடையில தயாளன் சாரு எனக்காகக் காத்துக்கினு நிக்குறாரு. அவ்வளவு தூரம் வந்திருக்காரு பாருங்க, எனக்காக. தனியா கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்தாரு. "அக்கா, உள்ள போயி உண்மையைச் சொன்னீங்கன்னா அது ஆள்மாறாட்டம். ரெண்டு பேரையும் உள்ள வச்சுடுவாங்க. அஞ்சுகத்துக்கு வர்ற தொகையை நிறுத்திட்டு, வாங்கினதையும் திருப்பிக் கேப்பாங்க. கை இல்லாதவளைக் கோர்ட்டுக்கு அலைய விடணுமா? பூங்காவனம் வேலையை விட்டுட்டா, அவளுக்குக் கேஸு வேணாம்னு சொல்லிட்டு வாங்க. நீங்க அஞ்சுகமாவே இருங்க. நான் இருக்குற வரைக்கும் உங்களுக்கு வேலை உண்டு"ன்னாரு. கண்ணு கலங்கிடுச்சும்மா அவருக்கு. என் கண்ணால பாத்தேன்.

நான் இன்னா செய்வேன்? ஒரு பக்கம் என் ஒம்போது வருஷம். ஒரு பக்கம் அவ சோத்துக்கு வர்ற தொகை. நிரந்தரமா பெருசு, கூடப் பொறந்தவளா பெருசு? அந்த டீயைக் குடிச்சி முடிக்கிறதுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். அஞ்சுகத்துகிட்ட சொல்லல. சொன்னா சண்டை போடுவா. அவ வராண்டாவுல பெஞ்சுல உக்காந்திருந்தா. எப்பவும் மூடி வச்சிருக்குற கையை இன்னிக்குத் திறந்து மடியில வச்சிருந்தா. போறவங்க வர்றவங்க பாக்குறாங்க, பாக்கட்டும்னு இருக்கா.

பூங்காவனம்னு கூப்பிட்டாங்க. என் பேரு, சத்தமா, அந்த வராண்டா முழுக்கக் கேக்குற மாதிரி. எத்தனையோ மாசம் கழிச்சி ஒருத்தரு என்னைப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. அவளும் எழுந்தா. நீ இரு, மொதல்ல நான் போயி சொல்றேன், அப்புறம் கூப்பிடுவாங்கன்னு உக்கார வச்சிட்டு உள்ள போனேன்.

அதிகாரி வயசானவரு. மரியாதையாத்தான் பேசினாரு. கம்பெனி வக்கீலு ஒரு பக்கம், நம்ம வக்கீலம்மா ஒரு பக்கம். "நீங்கதான் பூங்காவனமா?"ன்னு கேட்டாரு. வக்கீலம்மா என்னையே பாக்குறாங்க, சொல்லுங்கன்னு தலையை ஆட்டுறாங்க. நான் சொன்னேன், "இல்ல சார். நான் பூங்காவனம் இல்ல. நான் அவ தங்கச்சி அஞ்சுகம். பூங்காவனத்துக்குக் கை போச்சு சார். அவ இனிமே வேலைக்கு வரமாட்டா. அவளுக்குக் கேஸு எதுவும் வேணாம்னு என்னைச் சொல்லிட்டு வரச் சொன்னா."

வக்கீலம்மா பேனாவை மூடி வச்சிட்டாங்க. கம்பெனி வக்கீலு சிரிக்கல, ஒண்ணும் பண்ணல, அடுத்த பேப்பரை எடுத்தாரு. அவ்வளவுதாம்மா. என் ஒம்போது வருஷம் முடிய அவ்வளவு நேரம்தான் ஆச்சு. கையெழுத்துப் போடச் சொன்னாங்க. அஞ்சுகம்னு போட்டேன். வெளிய வந்தேன்.

அவ ஓடி வந்தா. "சொல்லிட்டியாக்கா? என்னை எப்பக் கூப்பிடுவாங்க?"ன்னா. அவ மூஞ்சியில ஒரு தெளிவு, அப்படி நான் பாத்து வருஷமாச்சு. நான் சொன்னேன், "நீ போகவே வேணாம்டி. உன் தொகைக்கு ஒண்ணும் ஆவாது. நான்தான் அஞ்சுகம்னு சொல்லிட்டேன். கேஸு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். உனக்காக விட்டுட்டேன்டி எல்லாத்தையும்." கட்டிப் புடிச்சி அழுவான்னு நெனச்சேன்மா. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

அவ அழுவல. அந்தக் கையைத் தூக்கி என் மூஞ்சிக்கு நேரா காட்டினா. "அன்னிக்கு என்னைப் பாத்து, பூங்காவனம், நீ பிரஸ்ஸுக்குப் போன்னு சொன்னாங்க. எனக்குத் தெரியாதுன்னு வாய் வரைக்கும் வந்துச்சுக்கா. ஆனா பூங்காவனத்துக்குத் தெரியுமே. தெரியாதுன்னு சொன்னா நான் நீ இல்லன்னு ஆயிடும், உன் வேலை போயிடும்னு வாயை மூடிக்கினு நின்னேன். இந்தக் கையைக் குடுத்து நான் காப்பாத்தி வச்ச வேலை அது. அதை யாரைக் கேட்டுக் குடுத்துட்டு வந்த?"ன்னா.

அப்படிக் கேட்டுட்டு நடந்தவதான், இன்னும் என் பக்கம் திரும்பல.

வீம்புன்னு நெனச்சேனேம்மா நான். இத்தனை நாளும் வீம்புல வாயத் திறக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேனே. அவ எனக்காக நின்னா. நானும் அவளுக்காகத்தான் விட்டேன். ரெண்டு பேருமே எங்களுக்குன்னு ஒண்ணும் வச்சிக்கல. சொல்லுங்கம்மா, நீங்க நாலும் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கீங்க. அவ குடுத்ததும் என்கிட்ட இல்ல, நான் குடுத்ததும் அவகிட்ட இல்ல. அப்ப எல்லாத்தையும் யாரும்மா எடுத்துக்கினு போனது?